நெல் எப்படித் தப்புகிறது? பதினெட்டு வாளியும் ஒரு காலபோகமும்

போன காலபோகத்தில், அதாவது மாரி மழையோடு விதைக்கிற பெரும்போகத்தில், என்னுடைய இரண்டு ஏக்கர் வயலுக்கு ஒரே நாளில், ஒரே களைநாசினியை, இரண்டு பேர் அடித்தோம். ஒரு டாங்கி என்னுடைய முதுகில். மற்றது கூலிக்கு வந்த தம்பியின் முதுகில். மூன்று கிழமை கழித்துப் பார்த்தால், நான் அடித்த பக்கம் நெற்சப்பி என்கிற புல் களை நெல்லுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. தம்பி அடித்த பக்கம் புல் செத்துவிட்டது, ஆனால் நெல்லும் மஞ்சளடித்து ஒரு சாண் உயரத்தில் குறண்டி நின்றது. நடு வரம்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தபோது, யாரோ இரண்டு வேறு மருந்து அடித்தது போலவே இருந்தது.

கடையில் மருந்து தரும்போது, “நெல்லுக்கு ஒன்றும் செய்யாது, புல்லை மட்டும்தான் கொல்லும்” என்று சொன்னார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். தெரிந்து கொல்லும் மருந்து, தெரிவுக் களைநாசினி என்றெல்லாம் பெயர் சொல்கிறோம். மருந்துக்குக் கண் இருக்கிறதா, இது நெல், இது புல் என்று பார்த்துப் பிடிக்க? அந்த நெல் ஏன் குறண்டியது என்ற கேள்வி அறுவடை முடிந்தும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இந்த முறை விதைப்புக்கு முன்னரே, ஆவணி மாதத்தில், வீட்டு முற்றத்தில் வாளிகளை அடுக்கிச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினேன். அந்தச் சோதனையும், அதற்குப் பிறகு வயலில் செய்ததும்தான் இந்தப் பதிவு.

எங்கள் வயல் கிளிநொச்சி உருத்திரபுரத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற நிலம். போர் முடிந்து 2010-இல் மீளக் குடியேறி வந்தபோது வரம்பே தெரியாத பற்றைக்காடாகக் கிடந்தது. வெட்டி, எரித்து, உழுது வயலாக்கி எடுத்தோம். பிறகு 2021-இல் இரசாயனப் பசளை, மருந்து இறக்குமதி நிறுத்தப்பட்ட அந்தக் காலபோகம் வந்தது. களை பிடுங்க ஆள் கூலி கொடுத்துக் கட்டவில்லை. பாதி வயலில் நெற்சப்பி கதிர் தள்ளி, விதை கொட்டிவிட்டது. ஒரு நெற்சப்பிச் செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அன்றைக்குச் சேற்றில் புதைந்த விதைதான் ஒவ்வொரு போகமும் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே களையை விளங்கிக்கொள்ளாமல் எனக்கு இனி விவசாயம் இல்லை.

முதலில் டாங்கியில் இருந்து தொடங்கினேன். வெறும் தண்ணீரை நிரப்பி, வீட்டுக்குப் பின்னால் தரிசு நிலத்தில் கயிறு கட்டி, 10 மீற்றருக்கு 10 மீற்றர் சதுரம் அளந்தேன். வயலில் நடப்பது போலவே நடந்து அடித்தேன். பிறகு டாங்கியில் குறைந்த தண்ணீரை அளந்து பார்த்தால் 2.4 லீற்றர். அதே சதுரத்தைத் தம்பியைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன். அவருக்கு 4.1 லீற்றர் போனது. ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர். கணக்குப் பார்த்தால், 16 லீற்றர் டாங்கியால் நான் ஏக்கருக்கு ஆறு டாங்கி அடிக்கிறேன், அவர் பத்துக்கு மேல் அடிக்கிறார். மருந்தை நாங்கள் கலந்தது ஏக்கருக்கு எட்டு டாங்கி என்ற கணக்கில். ஆகவே நான் அடித்த பக்கத்துக்குக் கிடைத்தது சொல்லப்பட்ட அளவில் முக்கால் பங்கு, அவர் பக்கத்துக்கு ஒன்றேகால் பங்குக்கும் மேல். வரம்போரம் திரும்புகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று பட்டு அதுவும் இரட்டிப்பு. நடு வரம்பில் நின்று பார்த்த வித்தியாசத்தில் பெரும் பகுதி இங்கேயே விளங்கிவிட்டது. மருந்துக் கடையையும் கம்பனியையும் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! அந்த இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

காரணம் நடையில் பாதி, மருந்து பீச்சுகிற முனையான நொசிலில் பாதி. ஒரு நிமிடம் வாளிக்குள் பீச்சி அளந்தேன். என்னுடையது அரைவாசி அடைபட்டு 620 மில்லிலீற்றர் விட்டது. தம்பியுடையது தேய்ந்துபோன பித்தளை நொசில், 860 விட்டது. இரண்டும் பூச்சி மருந்துக்குப் பாவிக்கிற கூம்பு நொசில். களைநாசினிக்கு விசிறி போல் தட்டையாகப் பீச்சுகிற நொசில்தான் வேண்டும், அதுதான் நிலத்தில் ஒரே சீராக விழும். இரண்டு புது விசிறி நொசில் வாங்கிப் போட்டு, அதே சதுரத்தில் நான்கு தடவை இரண்டு பேரும் நடந்து பழகினோம். கடைசியில் எனக்கு 3.1, அவருக்கு 3.3 லீற்றர். இப்போது இரண்டு பேரும் ஏக்கருக்கு எட்டு டாங்கிதான். இந்தப் பதிவை வாசிக்கிற யாராவது வேறொன்றும் செய்யாவிட்டாலும் இந்தச் சதுரத்தை ஒரு தடவை அளந்து பாருங்கள். அரை நாள் வேலை, செலவு இரண்டு நொசில்.

எத்தனை மில்லி போடுவது என்று இங்கே எழுதவில்லை. ஒரே மருந்தே வெவ்வேறு செறிவில் வருகிறது, போத்தலில் உள்ள லேபல்தான் கணக்கு. லேபல் சொல்வது ஏக்கருக்கோ ஹெக்ரெயருக்கோ உரிய அளவு. அதை உங்களுடைய டாங்கிகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ள வேண்டும், பக்கத்து வயல்காரரின் எண்ணிக்கையால் அல்ல.

சரி, வாளிக்கு வருவோம். பழைய பெயின்ற் வாளி பதினெட்டு சேர்த்தேன். அடியில் ஓட்டை போட்டு, போன வருடம் புல் மிஞ்சின அந்த மூலையிலிருந்தே மண் வெட்டி நிரப்பினேன். நெற்சப்பியும் கோரையும் அந்த மண்ணிலிருந்து தானாகவே முளைத்தன. ஒவ்வொன்றிலும் முளைகட்டிய நெல் பன்னிரண்டு போட்டேன். வரம்பில் நின்ற கரிசலாங்கண்ணிக் கன்று இரண்டு நட்டேன். சேறு பிடிக்காது என்பதால் பயற்றை மட்டும் சிறிய தகரங்களில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். அகன்ற இலைச் செடிக்கு என்ன நடக்கும் என்று பயறுதான் முதலில் காட்டும்.

மூன்று மூன்று வாளியாக ஆறு கூட்டம். ஒன்றுக்கு வெறும் தண்ணீர். ஒன்றுக்கு அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிக்கிற எம்சிபிஏ. ஒன்றுக்குப் புல்லை மட்டும் கொல்கிற சைஹலோபொப். ஒன்றுக்கு இந்த இரண்டையும் ஒரே டாங்கியில் கலந்தது. எங்கள் பக்கத்தில் பலர் ஒரே நடையில் வேலை முடியட்டும் என்று இப்படித்தான் கலக்கிறார்கள். ஐந்தாவதுக்கு, புல், கோரை, அகன்ற இலை மூன்றுக்கும் என்று நான் வழக்கமாக அடிக்கிற பிஸ்பைரிபாக். இந்த ஐந்துக்கும் நெல் பதினெட்டு நாள் வயதில், நான்கு இலையில் இருந்தது. ஆறாவது கூட்டத்துக்கு மட்டும் பத்து நாள் பிந்தி விதைத்து, எட்டு நாள் குருத்து நெல்லுக்கு பிஸ்பைரிபாக்கை இரட்டை அளவில் அடித்தேன். போன வருடம் பதினோராம் நாளே அவசரப்பட்டு அடித்தேன், அதுவும் திருப்பங்களில் இரட்டிப்பு. அதைத்தான் இந்த ஆறாவது கூட்டத்தில் திரும்பச் செய்து பார்த்தேன்.

ஆவணியில் சோளகக் காற்று விடாது. விடிய ஆறரைக்குக் காற்று எழும்ப முன்னம், கிடுகு வேலியின் மறைவில் ஒவ்வொரு கூட்டமாக வரிசை வைத்து, வயலில் நடக்கிற அதே நடையில் மேலாக அடித்துக்கொண்டு போனேன். கையுறையும் முகக்கவசமும் போட்டுத்தான். முற்றம் என்பதால் பிள்ளைகளை அன்று முழுக்க அந்தப் பக்கம் விடவில்லை.

அன்று பின்னேரமே எம்சிபிஏ பட்ட பயறு வேலையைக் காட்டிவிட்டது. காலையில் நிமிர்ந்து நின்ற தண்டு, கழுத்தை ஒடித்துக் கீழே பார்த்தது. இலைக்காம்புகள் வளையமாக வளைந்தன. மூன்றாம் நாள் கரிசலாங்கண்ணியின் தண்டு கயிறு திரித்தது போல் முறுகி, கணுவுக்குக் கணு வீங்கி, ஒரு இடத்தில் தோல் வெடித்திருந்தது. அதே வாளியில் நெல் அசையவில்லை. நெற்சப்பியும் அசையவில்லை, பக்கத்துச் செடி சாவதால் கிடைத்த வெளிச்சத்தில் அது இன்னும் செழித்தது. கோரை ஐந்தாம் நாள் படுத்துக் காய்ந்தது. ஆனால் ஒரு வாளியில் பதினெட்டாம் நாள் புதுக் குருத்து வந்தது. தோண்டினால் கீழே கறுப்புக் கிழங்கு. கிழங்குள்ள கோரை வேறு, விதையில் வருகிற கோரை வேறு என்று அப்பா சொல்லிவந்ததை அன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தேன்.

சைஹலோபொப் வாளிகளில் நான்கு நாளாக ஒன்றுமே தெரியவில்லை. மருந்து பழுது என்றே நினைத்தேன். ஏழாம் நாள் நெற்சப்பியின் நடுக்குருத்து மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது, பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். எந்தப் பிடிப்பும் இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. அடி நுனி மண்ணிறமாக, அவித்த கீரைத் தண்டு போல் குழைந்திருந்தது. வெளியே செடி பச்சை, உள்ளே வளர்கிற இடம் ஏற்கெனவே செத்துவிட்டது. அதே வாளியில் நெல்லின் குருத்தை இழுத்தால் கையோடு செடியே வந்தது, குருத்து கழலவில்லை. கோரையும் கரிசலாங்கண்ணியும் தங்களுக்கு ஒன்றும் நடக்காதது போல் நின்றன. வயலில் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியாமல் ஐந்தாம் நாளே இரண்டாம் தடவை அடிக்க ஓடுகிறவர்கள் இந்தக் குருத்தை இழுத்துப் பார்க்கலாம்.

கலந்து அடித்த வாளிகளில் கோரையும் அகன்ற இலையும் போயின. நெற்சப்பி எட்டுத் தூர் நின்றதில் மூன்று முதலில் வெளிறி, பிறகு பக்கத்தால் புதுக் கிளை விட்டுத் தப்பிவிட்டன. தனியாக சைஹலோபொப் பட்ட வாளிகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. புல்லைக் கொல்லும் இந்த வகை மருந்தோடு எம்சிபிஏ, 2,4-டி போன்றவை சேர்ந்தால் புல்லின்மேல் உள்ள வலு குறையும் என்பது களை பற்றிப் படித்தவர்களுக்குப் பழைய விடயம்தான். ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய், காசு கொடுத்து வாங்கிய மருந்தின் பாதியை நாங்களே கெடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டையும் சில நாள் இடைவெளி விட்டுத் தனித்தனியே அடிக்க வேண்டும்.

பிஸ்பைரிபாக் எல்லாவற்றையும் பிடித்தது. நெற்சப்பி மூன்றாம் நாளோடு வளர்வதை நிறுத்தி, ஒரு கிழமையில் மஞ்சளாகிச் செம்மை பூத்து, பதினான்காம் நாள் செத்தது. நெல் ஐந்தாம் நாள் கொஞ்சம் வெளிறி, பன்னிரண்டாம் நாள் பழைய நிறத்துக்கு வந்தது. ஆறாவது கூட்டம்தான் என் மனதைப் பிசைந்தது. அதே குறண்டல், அதே மஞ்சள். மூன்று கிழமையில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவி, தண்ணீர் மட்டும் அடித்த வாளியில் அதே நாளில் நட்டு வைத்த செடிக்குப் பக்கத்தில் வைத்தேன். நல்ல செடியின் வேர் ஒன்பது சென்ரிமீற்றர், வெள்ளையாக, பூனை மயிர் போல் பக்கவேர் விட்டிருந்தது. மற்றது நான்கு சென்ரிமீற்றர், மொட்டையாகத் தடித்த வேர். போன வருடம் இலைக்குத்தான் நோய் என்று நினைத்து யூரியா எறிந்தேன். வேரில்லாத செடி எதை எடுக்கும்?

நெல்லும் நெற்சப்பியும் ஒரே புல் குடும்பம். நெல்லுக்குள் ஓடுவது எதுவோ அதுவே பெரும்பாலும் நெற்சப்பிக்குள்ளும் ஓடுகிறது. அப்படியானால் நெல் எப்படித் தப்புகிறது? விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் கேட்டும், உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மகளோடு இருந்து வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

தப்புவதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது, மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய இடமே அந்தச் செடியில் பொருந்தாமல் இருப்பது. சைஹலோபொப் பிடிப்பது கொழுப்பு உண்டாக்குகிற ஒரு நொதியத்தை. புல் குடும்பத்தில் அந்த நொதியம் ஒரு விதமாகவும், கோரையிலும் அகன்ற இலைச் செடிகளிலும் வேறு விதமாகவும் அமைந்திருக்கிறது. பூட்டு வேறு, திறப்பு வேறு. அதனால்தான் அந்த வாளிகளில் கோரை அசையவே இல்லை. ஆனால் நெல்லுக்கு இந்த வழி இல்லை. நெல்லின் பூட்டும் நெற்சப்பியின் பூட்டும் ஒன்றுதான்.

நெல்லுக்கு உள்ளது இரண்டாவது வழி: செரித்துவிடுவது. மருந்து குருத்துக்குப் போய்ச் சேர முதல், நெல் தன்னுடைய நொதியங்களால் அதை உடைத்து நஞ்சில்லாத துண்டுகளாக்கிவிடுகிறது. நம்முடைய உடம்பில் ஈரல் செய்கிற வேலை. பிஸ்பைரிபாக்கிலும் இதேதான். அது பிடிப்பது மூன்று அமினோ அமிலங்களை உண்டாக்குகிற நொதியத்தை. அந்த நொதியம் நெல்லிலும் இருக்கிறது, புல்லிலும் இருக்கிறது. நெல் வேகமாகச் செரிக்கிறது, நெற்சப்பி மெதுவாகச் செரிக்கிறது. அந்த வேக வித்தியாசத்துக்குள்தான் நம்முடைய விளைச்சல் முழுவதும் நிற்கிறது.

இதை விளங்கின பிறகு எனக்கு எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. செரிமானம் என்றால் அதற்கு ஒரு அளவு உண்டு. எட்டு நாள் குருத்துக்குச் செரிக்கிற வலு குறைவு. இரட்டை அளவு கொடுத்தால் வளர்ந்த செடியும் திணறும். வெயிலில்லாத குளிர் நாட்களில் செரிப்பது மெதுவாகும். கடையில் சொன்ன “நெல்லுக்கு ஒன்றும் செய்யாது” என்ற வார்த்தை, சரியான வயதில், சரியான அளவில், செடி நல்ல நிலையில் இருக்கும்போது மட்டும்தான் உண்மை.

எம்சிபிஏயின் கதை கொஞ்சம் வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது அது. அதே வகையான 2,4-டி 1945-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. செடியின் வளர்ச்சி ஓமோனான ஒட்சினைப் போலவே இவை நடிக்கும். செடிக்கு எங்கே வளர்வது, எவ்வளவு வளர்வது என்ற கட்டுப்பாடே போய், பயறு போல முறுகிச் சாகும். ஒருவித்திலைத் தாவரமான நெல்லுக்குள் இது அவ்வளவாகப் பரவாது, பரவினதும் உடைக்கப்பட்டுவிடும். ஆனாலும் தூர் கட்டத் தொடங்காத இளம் நெல்லுக்கும், குடலை பிடிக்கிற, அதாவது உள்ளே கதிர் உருவாகிற, நெல்லுக்கும் அடித்தால் கேடுதான்.

அப்பா காலத்தில் ‘த்ரீ ஃபோர் டீபீஏ’ என்று ஒரு மருந்து. புரோப்பனில் என்பது அதன் பெயர், 1960-களில் இருந்து உலகம் முழுக்க நெல்லுக்கு அடித்தது. நெல்லில் அதை உடைக்கிற நொதியம் நிறைய, நெற்சப்பியில் மிகக் குறைவு. ஒரு போகம் அப்பா அதை அடித்து இரண்டு நாளில் தத்திப் பூச்சிக்கு மருந்தும் அடித்தார். நெல் நுனியிலிருந்து கருகி வந்தது. கள்ள மருந்து விற்றுவிட்டார்கள் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது விளங்குகிறது. ஓகனோபொசுபேற்று, காபமேற்று வகைப் பூச்சி மருந்துகள் நெல்லின் அந்த நொதியத்தையே கட்டிப்போட்டுவிடும். செரிக்கிற வழி அடைபட்டால் நெல்லும் நெற்சப்பியும் ஒன்றுதான். அப்பா இருந்திருந்தால் இதை அவருக்குச் சொல்லியிருப்பேன்.

வாளிச் சோதனையின் நாலாம் நாள் வீட்டில் ஒன்று நடந்தது. சுருண்ட பயற்றைப் பார்த்துவிட்டு மகள் சொன்னாள்: “அப்பா, போன வருசம் அம்மாவின்ர பயற்றங்காய்க் கொடியும் இப்பிடித்தானே சுருண்டது?” நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். இலை கிண்ணம் போல் குவிந்து, நரம்புகள் நெருங்கி, நுனி முறுகி, அப்படியே அதேதான். வைரசு என்று சொல்லி முழுப் பந்தலையும் பிடுங்கி எரித்தோம். மனைவிக்கு அந்தப் பந்தல்தான் கைச்செலவு. நடந்தது என்னவென்றால், வயலில் எம்சிபிஏ அடித்த டாங்கியை நான் ஒரு தரம் அலசிவிட்டு வைத்தேன். அவ அதில் வேப்பங்கொட்டைக் கரைசல் ஊற்றிப் பந்தலுக்கு அடித்தா. குழாயிலும் கைபிடியிலும் மிஞ்சின கொஞ்சம் போதும், இந்த மருந்துக்குப் பயற்றங்காய், மிளகாய், தக்காளி, பப்பாசி எல்லாம் அவ்வளவு கூச்சமுள்ள பயிர்கள். அன்றைக்கே ஒரு டாங்கிக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்து ‘புல் மருந்து மட்டும்’ என்று எழுதினேன். மனைவியிடம் விடயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எரிச்சது நல்ல கொடி, என்ன?” என்று மட்டும் கேட்டா.

ஐப்பசி கடைசியில் வயலை விதைத்தோம், சேற்று விதைப்பு, முளைகட்டின நெல். ஒரு ஏக்கருக்கு விதைத்த மூன்றாம் நாள் பிரட்டிலாகுளோர் அடித்தேன். இது முளைக்கிற களையைத் தடுக்கிறது. இலை விட்ட புல்லுக்கு இதனால் பலனில்லை. தனியாக அடித்தால் நெல் முளையும் தாங்காது. ஆகவே அதே போத்தலில் பென்குளோரிம் என்ற காப்பு மருந்தையும் கலந்து விற்கிறார்கள். அது நெல்லின் செரிக்கிற நொதியத்தைத் தூண்டிவிடுகிறது. நெல் வேர் விட்டிருந்தால்தான் காப்பு மருந்தை எடுக்கும். முளைகட்டின நெல் ஏன் வேண்டும் என்று இப்போது காரணத்தோடு தெரிகிறது.

இந்த ஏக்கர் நன்றாகவே வந்தது, இரண்டு இடத்தைத் தவிர. மேடான இடத்தில் சேறு காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பு வழியே கோரை வந்தது. பள்ளமான இடத்தில் தண்ணீரும் மருந்தும் தேங்கி, முளை அழுகிப் பாய் அளவுக்கு வெட்டையாகிப் போனது. இரண்டும் மருந்தின் பிழை அல்ல. மட்டப் பலகையை இன்னும் ஒரு சால் இழுத்திருக்க வேண்டும். மழை வரும் என்று பயந்து உழவு இயந்திரத்தை அனுப்பிவிட்டேன்.

மற்ற ஏக்கருக்கு பதினெட்டாம் நாள் பிஸ்பைரிபாக். இரண்டு நாளுக்கு முன்னமே வாய்க்கடையைத் திறந்து தண்ணீரை வடித்தேன். புல்லின் இலை தண்ணீருக்குள் கிடந்தால் மருந்து எங்கே படும்? அடித்து மூன்றாம் நாள் நான்கு விரல் தண்ணீர் கட்டினேன், புதுப் புல் முளைக்காமல் இருக்க. இதற்கு மேல்வயல் அண்ணையின் சம்மதம் வேண்டும், அவருடைய தண்ணீர் என்னுடைய வயலுக்குள்ளால்தான் வடிகிறது. முதல் நாளே போய்க் கதைத்து வைத்தேன்.

அடித்த அடுத்த நாள் வாடைக்காற்றோடு இருட்டிக்கொண்டு வந்தது. நான்கு நாள் வெயிலே இல்லை. நெல் வெளிறத் தொடங்கியது, வாளியில் பார்த்ததைவிட அதிகமாகவே. அண்ணை வரம்பில் நின்று, “தம்பி, மருந்து கூடிப் போச்சுப் போல. யூரியா எறியும்” என்றார். போன வருடம் என்றால் அன்று பின்னேரமே எறிந்திருப்பேன். இந்த முறை ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினேன். வெள்ளை வேர், பக்கவேரும் இருந்தது. “வெயில் வரட்டும் அண்ணை, செரிக்குது” என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை, வரம்பில் இருந்து முழுக் கதையையும் சொன்னேன். ஆறாம் நாள் வெயில் வந்தது. பன்னிரண்டாம் நாள் நெல் பச்சை பிடித்தது, நெற்சப்பி வைக்கோலாகக் கிடந்தது. நானும் தம்பியும் அடித்த பக்கங்களுக்கு நடுவில் இந்த முறை எந்தக் கோடும் தெரியவில்லை.

அடுத்த போகம் இதே மருந்தைத் திரும்ப அடிக்க மாட்டேன். செரிக்கத் தெரிந்த நெற்சப்பி வயலில் எங்கேயாவது ஒன்று இருந்தாலும், ஒரே மருந்தை வருடா வருடம் அடித்தால் அது மட்டும் மிஞ்சி விதை கொட்டும். புரோப்பனிலுக்கு உலகத்தில் பல இடத்தில் இதுதான் நடந்தது. நெல்லைக் காப்பாற்றிய அதே நொதியத்தை நெற்சப்பியும் கூட்டிக்கொண்டது. எந்த ஏக்கருக்கு எந்த மருந்து, என்றைக்கு அடித்தது என்று மகளின் பழைய கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் இந்த மருந்துகள் எதற்கும் அகப்படவில்லை. கிழக்கு மூலையில், அறுவடை இயந்திரம் முதலில் இறங்குகிற இடத்தில், பன்றி நெல் என்கிற களை நெல். போன வருடம் எங்கிருந்தோ இயந்திரத்தோடு வந்த விதையாக இருக்கும். அதுவும் நெல்தான். பூட்டும் ஒன்று, செரிமானமும் ஒன்று. நெல்லைக் காப்பாற்றுகிற எதுவும் அதையும் காப்பாற்றும். 2002-இல் அமெரிக்காவில் குறிப்பிட்ட ஒரு மருந்தைத் தாங்குகிற நெல்லினத்தையே இதற்காக விற்பனைக்கு விட்டார்கள். அந்தத் தாங்கும் குணமும் மகரந்தத்தால் பன்றி நெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே தை பிறக்க முன்னம், கதிர் தள்ளின கையோடு, நானும் மனைவியும் அந்த மூலைக்குள் இறங்கினோம். பன்றி நெல் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், கதிரில் மீசை இருக்கும், கையால் தட்டினால் பழுக்காத மணியே பொலபொலவென்று கொட்டும். தட்டாமல், கதிருக்குக் கீழே பிடித்து வளைத்து, உரப்பையின் வாயை அடியில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். இரண்டு நாள் வேலை, மூன்று பை நிறைந்தது. வரம்பில் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தோம். அறுவடை இயந்திரக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: என்னுடைய வயலுக்குள் இறங்க முதல் வாய்க்கால் கரையில் நிறுத்தி, உள்ளே இருக்கிற நெல்லையெல்லாம் தட்டித் துப்புரவாக்கின பிறகுதான் இறங்க வேண்டும். ஒரு மணித்தியாலம் கூடச் செல்லும், அதற்கு உரிய காசு தருகிறேன் என்றேன். சம்மதித்திருக்கிறார்.